பூட்டிய வீட்டு மீட்டர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீ நலம் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன் அடித்து அடித்து அலுத்துப்போய்த்தான் காகிதத்தை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

தண்ணீரை மிச்சம் பிடிக்கிற கட்டடங்களுக்குத் தருகிற பசுமை மதிப்பீட்டில் நம் கட்டடத்துக்கு இன்னொரு நட்சத்திரம் வாங்கியே தீருவேன் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தலைகீழாய் நின்றார். குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கு விடுகிறார்கள், வீட்டுக்கு வீடு தனித் தண்ணீர் மீட்டர். அதில்தான் வந்தது வினை. எதிரே நீ வாங்கிப் போட்டு, வெளியூர் வேலைக்குப் போகையில் பூட்டிவிட்டுப் போன வீட்டு மீட்டரும் தினமும் ஓடியது. பிளம்பர் வந்து பார்த்தான், கசிவு எதுவும் இல்லை. ஆனால் குளியலறைத் தரையெல்லாம் ஈரம், கண்ணாடியில் நீராவி. "யாரோ இப்பதாம்மா குளிச்சிட்டுப் போயிருக்காங்க" என்றவன் தன் பையைக்கூட எடுக்காமல் போய்விட்டான். எனக்கென்னவோ பயமே வரவில்லையடா. காலையில் நீ குளிக்கிற நேரத்துக்குத்தான் ஓடும், உன்னைப் போலவே லேசில் நிற்காது. ஒருநாள் விளையாட்டாகக் கதவைத் தட்டி, போதும்டா, மத்தவங்களுக்கும் தண்ணி வேணும் என்றேன். மீட்டர் முள் நின்றது. முள் ஓடினால் பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறான் என்று அன்றிலிருந்து தினமும் போய்ப் பார்ப்பேன். "உனக்குப் பைத்தியம்டி" என்று என்னைச் சொல்லிக்கொண்டே அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வருவார்.

போன வாரம் மதிப்பீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று செயலாளர் உன் வீட்டு வால்வை மூடிவிட்டார். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கும்மா தண்ணி" என்று கேட்டார். நட்சத்திரம் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அன்றிலிருந்துதான் நீ போனை எடுப்பதில்லை.

நேற்று நானே வால்வைத் திறந்துவிட்டேன், செயலாளர் குதிக்கிறபடி குதிக்கட்டும். முள் அசையவில்லை. கதவைத் தட்டியும் பார்த்தேன். அப்பா அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. இது கிடைத்ததும் ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் பரவாயில்லை, வந்து குளித்துவிட்டாவது போ.

வழி பார்த்திருக்கும்
உன் அம்மா