உப்புத் தண்ணீரில் அலசிய தங்கம்

இன்று காலை ஆய்வக அலமாரியைத் துடைக்கும்போது உன் பழுப்புக் குப்பி கையில் அகப்பட்டது. வெள்ளிக் கரைசல். மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் உன் கையெழுத்து: "தொட்டா கை கருத்துப் போயிரும்." தொட்டேன். வேண்டுமென்றேதான் தொட்டேன்.

அந்தச் சண்டை உனக்கு மறந்திருக்காது. சேலத்தில் இதே ஆய்வகத்தில் நான் ஆராய்ச்சி மாணவி, என் வயதேயான நீ கண்ணாடிப் பாத்திரம் கழுவும் உதவியாளர். கரைசலில் மூழ்கிய தங்கத் தகட்டின் மேல் நுண்ணிய ஊசியை ஓட்டி, அதன் மேற்பரப்பில் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று படம் எடுப்பது என் வேலை. தகடும் கரைசலும் இருக்கும் பாத்திரத்தைத் தூய நீரைத் தவிர எதிலும் அலசக் கூடாது. நீயோ கடைசியாக ஒருமுறை ஆழ்துளைக் குழாயில் வரும் போர் தண்ணீரில் அலசிக் கவிழ்த்திருந்தாய். சங்ககிரிப் பக்கம் கொலுசுப் பட்டறையில் பத்து வருடம் பழகிய கை. அங்கே எந்தப் பாத்திரத்தையும் குழாயடியில் ஒரு அலசு அலசாமல் உள்ளே வைக்க மாட்டார்களாம்.

படத்தில் எல்லாமே மாறியிருந்தது. நெருக்கமாக, கோடு கோடாக இருக்க வேண்டிய மேல் அடுக்கு விரிந்து, கீழ் அடுக்கைப் போலவே சதுரமாக உட்கார்ந்திருந்தது. இடமில்லாமல் போன அணுக்கள் சின்னச் சின்னத் திட்டுகளாக மேலே ஏறி நின்றன. "மூணு மாச வேலையும் நாசமாப் போச்சு!" என்று உன்மேல் கத்தினேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "அழுக்கு. தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. "அழுக்குன்னா கன்னாபின்னான்னுல்ல இருக்கோணும்? இது அடுக்கி வெச்சாப்புல இருக்குது புள்ள" என்றாய். போர் தண்ணீரைக் குவளையில் பிடித்து, இந்தக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாய். பாலாக வெளுத்தது. "உப்பு. பட்டறையில இப்புடித்தான் தண்ணியப் பாப்போம்."

அந்த வாரம் முழுக்கத் தூய நீரில் உப்பை அளந்து அளந்து போட்டுப் பார்த்தோம். அதே சதுரம், அதே திட்டுகள். உப்பில்லாமல் செய்தால் மறுபடியும் கோடுகள். கரைந்திருந்த குளோரைடு அயனிகள்தான் தங்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அணுக்களை இடம் மாற்றியிருந்தன. அயனிகள் இப்படிச் செய்யும் என்று நான் படித்ததுதான். இவ்வளவு கொஞ்சம் உப்பே போதும் என்பது யாருக்கும் தெரியாதது. "தங்கமே எடம் உட்டுக் குடுக்குது பாரு. உங்க சாருதான் குடுக்க மாட்டேங்குறாரு" என்று சிரித்தாய்.

பங்குனியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகுதான் கட்டுரையை எழுதி முடித்தேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து, பேராசிரியர் பெயர் கடைசியில். நேற்று அவர் உன் பெயரை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்திரம் கழுவினவங்க பேரெல்லாம் போடுற வழக்கமில்லம்மா. இப்ப அவங்க உயிரோடவும் இல்ல. கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டுரு."

"கண்டுபுடிச்சதே அவங்கதானுங்க சார்."

"உன் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் வெச்சுக்க."

பட்டம் போய்விடுமோ என்று பயந்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அப்படின்னா என் பேரையும் எடுத்துருங்க சார். உங்க பேர்லயே போகட்டும். அழுக்குன்னு சொன்னீங்களே, அதையும் மறக்காம எழுதிருங்க."

அவர் வேறொரு கோப்பை எடுத்துப் பிரித்தார். இன்று மதியம் உன் பெயரை மறுபடி முதலில் போட்டு, புதுப் பிரதியை அவர் மேசையில் வைத்தேன். என் விரல் நுனி அதற்குள் கருத்திருந்தது.

"என்னம்மா கறை?"

"வெள்ளிங்க சார். கழுவினாப் போகாது."

அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடட்டும், போடாமலே இருக்கட்டும். உன் பெயரை அடிக்கிற கை இந்தக் கையாக இருக்காது.