அரிசி போட்ட ட்ரம்

12 ஜூன் 1987, வெள்ளி

மனம் ஆறவில்லை. என் அறைத்தோழன் செல்வம் பாரிசுக்கு வெளியே ஒரு ராணுவ முகாமில் துப்புரவு வேலை செய்கிறான். அங்கே வீச வைத்திருந்த இரும்பு ட்ரம் ஒன்றைப் போன மாதம் லா சப்பலில் இருக்கும் எங்கள் அறைக்குத் தூக்கி வந்தான். நன்றாகக் கழுவி, வெளியே மாதா படம் ஒட்டி, அரிசி போட்டு வைத்தான். அழகுக்கு ஒட்டினான் என்று நினைத்தேன்.

இன்று சோறு வடித்த ஆவியில் படம் கழன்று விழுந்தது. அது மறைத்திருந்த இடத்தில் மண்டையோட்டுப் படம்.

"உது நஞ்செண்டு போடுற அடையாளமடா!"

"ஆமிக்காரற்றை சாமான்தானே அண்ணை. மண்டையோடு கீறாமல் வேறை என்ன கீறுவினம்?"

"உள்ளுக்கு என்ன இருந்தது?"

"லொறி எஞ்சின் கழுவுற மருந்து. அது ஒண்டும் செய்யாது. நான் ஒவ்வொரு நாளும் வெறுங்கையாலைதானே அள்ளி ஊத்திறன்."

அரிசி முழுவதையும் கொட்டவைத்தேன். முகாமில் கையுறை கேள் என்றேன்.

"கேட்டால் நாளைக்கே வேறை ஆளைப் பிடிப்பினம்."

இப்போது கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருக்கிறான். விரல்களெல்லாம் தோல் உரிந்து கிடக்கின்றன. குளிருக்கு வெடிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இது ஜூன் மாதம்.