நாலு மாதம் நடந்த கடை

அன்புள்ள திருகாணிக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கித் திடமாக இருக்கிறாய் என்றே எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் செய்யப் போகிறேன் என்று நீ போனில் சொன்னதும் வீடே தலையில் கை வைத்தது, நான் வைக்கவில்லை, ஏனென்றால் இதை நான் அப்போதே சொல்லியாயிற்று. உன் அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வருகிறதென்று நாலாம் வகுப்பில் உன்னை எங்களிடம் விட்டுப் போன முதல் வாரமே நீ சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டாய், சட்டைப் பை நிறையத் திருகாணி. அன்றைக்கே உன் சித்தியிடம், "இந்தப் பிள்ளை யார் முன்னாடியும் கைகட்டி நிக்காது, எழுதி வெச்சுக்கோ" என்றேன். அவள் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் இன்றைக்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. நீ திரும்பப் பூட்டிய அந்தக் கடிகாரம் இன்றுவரை ஒரு நிமிஷம் பிந்தியதில்லை, முந்துவதைப் பற்றி நான் பேசவில்லை.

போன ஞாயிறு உன் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார், "கம்பெனிக்காரன் பதவி உயர்வு குடுத்து, மூணு வருஷ ஒப்பந்தத்தையும் நீட்டுறான், முப்பதாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போடணும், இவ என்னடான்னா ஸ்பானரத் தூக்கிட்டு வீடு வீடா போறேங்கறா" என்று. நான் சும்மா இருப்பேனா, டாக்டர் கூடத்தான் வீடு வீடாகப் போகிறார், அவர் பையில் இருப்பதும் சாமான்தானே என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்க்காமல் உன் அம்மாவைப் பார்த்து, "சொந்தத் தொழில் எப்படி இருக்கும்னு இவனையே கேளு, ஃபேன் ரிப்பேர் கடை வெச்சு நாலே மாசத்துல இழுத்து மூடுனவன்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கடைக்குக் கூட்டம் தெருமுனை வரை நின்றது, கட்டடக்காரனுக்குக் கண் பொறுக்காமல்தான் காலி செய்யச் சொன்னான், நான் விட்டு நின்ற ஆலையின் மேனேஜரே நேரில் வந்து என் கையைப் பிடித்துத் திரும்ப வேலைக்குக் கூட்டிப் போனார் என்று உனக்கு நூறு முறை சொன்ன கதையை நூற்றியோராவது முறையாகச் சொன்னேன். உன் சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீ மூன்று யோசனை சொன்னாய், அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு, ரெடிமேட் துணியை அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தருவது, வாஷிங் மெஷின் ரிப்பேர். எட்டாவதில் பாதியோடு நின்றவன் என்பதால் எனக்கு யோசிக்கத் தெரியாது என்று உன் அப்பா நினைக்கிறார். அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், நான் மூன்றையும் சோதித்தே பார்த்துவிட்டேன். நானும் சித்தியும் எங்கள் ஆலையில் ஆறு பேருக்கு மூன்று நாள் சாப்பாடு கட்டிக் கொடுத்தோம். முதல் நாள் அமிர்தம் என்றார்கள், இரண்டாம் நாள் ஒருவருக்கு உப்புக் கூடுதல், இன்னொருவருக்குக் குறைச்சல், இரண்டும் ஒரே பாத்திரத்தில் வெந்தது. மூன்றாம் நாள் டப்பா போனது, மூடி மட்டும் திரும்பி வந்தது. துணி விஷயமாக எங்கள் தெருத் தையல்காரரைக் கேட்டேன், அவர் வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு, "அளவு குடுத்துட்டுப் போய் உக்காந்து தின்னுட்டு வருவாங்க, அப்புறம் நான் சின்னதா பிடிச்சுட்டேம்பாங்க, உங்க பொண்ணுக்கு எதுக்குங்க இந்தப் பாவம்" என்றார். மூன்றாவதை நானே கையால் பார்த்தேன். மேல் மாடி ஆசிரியை வீட்டு மெஷின் தண்ணீரை வெளியே விடாமல் உள்ளே துணியோடு அடம் பிடித்தது. நீ போனில் சொல்லிக்கொண்டே வந்தாய், நான் கீழே இருந்த வடிகட்டியைத் திருகினேன், வாளி வாளியாகத் தண்ணீர், பிறகு இரண்டு கொண்டை ஊசி, ஒரு பொத்தான், ஒரு குழந்தை சாக்ஸ். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் கல்யாணத்தன்று கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன். சாப்பாடு இங்கே இல்லையென்றால் அடுத்த கடையில் கிடைக்கும், சட்டையை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நனைந்த துணியோடு மெஷின் பூட்டிக்கொண்டு நின்றால் அந்த வீடு உன்னைத்தான் தேடும். பத்து வருஷமாக அந்த வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் போனை எடுத்து எடுத்து எந்த மெஷினுக்கு எங்கே வலிக்கும் என்று உனக்கு மனப்பாடம். அடுத்தவன் பெயரில் ஏன் வைத்தியம் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடாதே. உன் அப்பா திட்டினால் சித்தப்பா கெடுத்துவிட்டார் என்று சொல், எனக்கு அது பெருமைதான்.

முன்பக்கத்தைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணில் படுகிற இடத்தில் போடு. சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவை சும்மா செய், இரண்டாவது தடவைக்கு வேலை இருக்கிறதென்று சொல். குனியும்போது முழங்காலுக்கு அடியில் துணி வைத்துக்கொள், என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன தடவை பேசிவிட்டுப் போனை வைக்கும்போது நீ மெல்ல, "உங்களுக்கே நாலு மாசம்தான் ஓடுச்சுன்னா நான் எம்மாத்திரம் சித்தப்பா" என்றாய். அது நாலு நாளாக என்னைச் சாப்பிட விடவில்லை, ஆகவே எழுதுகிறேன். கூட்டம் நிற்கவில்லை. கட்டடக்காரன் நல்லவன். மேனேஜர் எதற்கு வருகிறார், நான் ஆலையை விட்டு நின்றதே இல்லை, எழுதிய ராஜினாமா என் பையிலேயே கசங்கிக் கிடந்தது. கடை இருந்தது, வாடகைக்கு எடுத்தேன், நீலத்தில் போர்டு எழுதினேன், அது உண்மை. முதல் நாள் காலையில் ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கினேன். வெளியே ஒரு அம்மா மேசை ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எப்பங்க தெறப்பீங்க" என்று கேட்டார். நான், "ஓனர் இன்னும் வரலைங்க" என்றேன். ஷட்டரை இறக்கிவிட்டு ஆலைக்குப் போய்விட்டேன். அண்ணன் அப்போது வெளியூரில், நாலு மாதமும் அவருக்குக் கடை நடப்பதாக எழுதித் தள்ளினேன், பார்க்க வருகிறேன் என்று அவர் எழுதியதும் மூட வேண்டியதாயிற்று. உன் சித்திக்கு எல்லாம் தெரியும், இத்தனை வருஷம் எழுந்து எழுந்து உள்ளே போகிறாள். ஆகவே உன் அப்பா உனக்குக் காட்டுகிற தோற்றுப்போன கடை, தோற்கவில்லை, அது திறக்கவே இல்லை. வருகிற ஞாயிறு நானே அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லப் போகிறேன். சிரிக்கட்டும்.

நீ தொட்டது துலங்கி, நாலு வீடு உன் பேரைச் சொல்லும்படி நன்றாக இரு. சித்தியின் ஆசீர்வாதமும் இதில் உண்டு. முப்பதாம் தேதியை மறக்காதே. உன்னிடம் யாராவது ஓனர் எங்கே என்று கேட்டால், நான்தான் என்று சொல்.

இப்படிக்கு,
ஷட்டரை முழங்கால் வரை தூக்கிய உன் சித்தப்பா