புரட்டாசியில் வெந்த கோழி

அக்கா,

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது உன்னுடைய அந்த அலுமினியச் சட்டி அகப்பட்டது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. நசுக்கியது நான்தான் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இத்தனை நாளைக்குப் பிறகும் மூக்கருகே கொண்டுபோனால் லேசாக மீன் வாசனை அடிக்கிறது.

நீ கண்ணை மூடிய பிறகு உன் பூனை என் காலைச் சுற்றத் தொடங்கியது. விரட்டினேன், போகவில்லை. மழைக்கு முன்னால் ஒரே ஒரு குட்டி போட்டது. குட்டிக்கு ஒரு மாதம் ஆனபோது, மேல்மலையனூருக்கு அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக ஓடிய நாளில், தாய் ரோட்டைத் தாண்டப் போய் அடிபட்டுச் செத்தது. நீ வளர்த்ததில் மிச்சம் இந்த உள்ளங்கை அளவு உயிர்தான். அது போயும் போயும் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது, பாவம்.

அதுவும் புரட்டாசியில். நாம் இருவரும் மருமகளாக வந்த இந்த வீட்டில் அந்த மாதம் முட்டை ஓடுகூட உள்ளே வரக் கூடாது. அந்த வருஷம் நினைவிருக்கிறதா? பின்பக்கம் மூன்று செங்கல் வைத்து, உன் பூனைக்குட்டிகளுக்காக இந்தச் சட்டியில் ஏரிக் கெண்டை வேகவைத்தாய். “பெருமாள் மாசத்துல இன்னா வேலக்கா இது?” என்று கத்தினேன். “விரதம் நமக்குத்தாண்டி. குட்டிங்க இன்னா வேண்டிக்கிச்சா?” என்றாய், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அன்றிலிருந்து மாதம் முடியும்வரை நீ மீன் வாங்கவில்லை, பால்சோறுதான் போட்டாய். சாம்பல் நிறக் குட்டி வயிற்றால் போய்ச் செத்தது. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அதையெல்லாம் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை, அக்கா. பூனைத் தீனி வாங்கக் கடைக்குப் போனவள், “சைவத்துல இருக்குதாண்ணே?” என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்து, “பூனையக் கேட்டு வந்து சொல்லுக்கா” என்றார். வெறுங்கையோடு திரும்பிவந்து பசும்பாலும் தயிர்சோறும் வைத்தேன். மூன்றாம் நாள் குட்டிக்கு வயிற்றால் போனது. கத்தக்கூடத் தெம்பில்லாமல் கோணிமேல் கிடந்தது. எனக்கு முருங்கை மரம்தான் கண்ணில் நின்றது.

துண்டில் சுற்றி ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பசும்பால் இதுக்கு ஒத்துக்காதும்மா. பூனைக்குக் கறிதான் சாப்பாடு. வளர்ற குட்டிக்கு அது இன்னும் அதிகமா வேணும். ரெண்டு நாளைக்கு உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாம கோழிய வேகவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா பிச்சுக் குடு. அப்புறம் குட்டிங்களுக்குன்னே விக்கிற தீனிய வாங்கி வெந்நீர்ல ஊறவெச்சுக் குடு. பெரிய பூனையோடது பத்தாது. நாளைக்கும் நிக்கலன்னா தூக்கிட்டு வா.”

அதனால்தான் உன் சட்டியைத் தேடினேன். அதே இடத்தில் மூன்று செங்கல் வைத்தேன். நாலு தீக்குச்சி வீணாயிற்று. பெருமாள் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் ஒரு பக்கம், நேரமாகிவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம். கோழி கொதித்தபோது உன் கொழுந்தன், என் வீட்டுக்காரர், பின்வாசலில் வந்து நின்றார். “புரட்டாசியில இன்னா வாசன இது?”

“விரதம் நமக்குத்தான். குட்டி இன்னா வேண்டிக்கிச்சா?” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சென்று எனக்கே உறைத்தது. அவரும் கண்டுகொண்டிருக்க வேண்டும். குனிந்து இரண்டு சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்துவிட்டுப் போனார்.

குட்டி முதலில் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் வைத்து நீட்டினேன். இரண்டு துணுக்கு தின்றது. இப்போது தூங்குகிறது. இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்துபோய் அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டேன். மூச்சு ஏறி இறங்குகிறது. நாளை வரைக்கும் தாண்டிவிட்டால் போதும்.

சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தபோது, நசுங்கலைத் தட்டி நிமிர்த்தித் தரட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சாம்பல் குட்டிக்காக உன்னிடம் ஒரு மன்னிப்புகூட நான் கேட்டதில்லை. அந்த நசுங்கல் அப்படியே இருக்கட்டும், அக்கா.