ஆண்டியப்பன் பெயர்

2024 ஜூலை 28

கோவில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம். தொண்டை கட்டியிருக்கிறது. பனங்கற்கண்டைக் கடித்துக்கொண்டு தவசிக்கண் மாடன் வில்லுப்பாட்டுக் கதையை ஒருமுறை பாடிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பொன்னுலிங்கம் குடம் அடித்தார். வரி கட்ட மறுத்த தவசிக்கண்ணை வெள்ளைக்காரக் கும்பினிப் படை தூக்கில் போட்ட கதை. அவன் பெயரைச் சொன்னாலே சவுக்கடி என்று இருந்த காலத்தில், அவனை ஊரார் மாடன் சாமியாக்கிக் கோவிலில் வில்லடித்துப் பாடிவிட்டார்கள். சாமி கும்பிடுகிறவனைத் துரை என்ன செய்வான்? காட்டிக் கொடுத்த ஆண்டியப்பன் பெயரும் கதையில் உண்டு. எழுதி வைத்தால் துரை பறித்துப் போவான் என்று வாயிலேயே வைத்திருந்தார்கள். இன்றைக்கும் ஏடு இல்லை, புத்தகம் இல்லை.

ஜூலை 31

ஸ்ரீஜா வந்தாள். ஆண்டியப்பன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மகள் அஜிஷா ஏழாம் வகுப்பு.

"கொடை கழிஞ்சா பள்ளிக்கூடத்துல இவள காட்டிக் கொடுத்தவன் வீடுன்னுதான் விளிக்கினும். போன வருஷம் சோறு தண்ணி இல்லாம கெடந்தா. அந்த ஒரு பேர மட்டும் விட்டுருங்க அக்கா."

அழுதாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? இத்தனை தலைமுறை போதாதா?

ஆகஸ்ட் 2

"பேர விட்டா மாடன் இறங்க மாட்டாரு, பாத்துக்க ஏட்டி" என்கிறார் இவர். பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

நேற்றுக் கொடையில் அந்தப் பெயரை விட்டுவிட்டேன். 'பாவி ஒருவன்' என்று பாடினேன். சாமியாடி கதையில் வழக்கமான இடத்தில் எழுந்து ஆடினார். மாடன் இறங்கிவிட்டார். பெயர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர்கூடவா?

2025 ஜூலை 30

ஸ்ரீஜாவின் புருஷன் சஜின் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறான். இந்த வருஷக் கொடை அவன் பொறுப்பு. கோவில் வாசலில் ஃபிளெக்ஸ்: தவசிக்கண்ணும் ஆண்டியப்பனும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். 'வெள்ளையனை எதிர்த்த வீரர்கள்.' கதையிலும் அப்படியே பாட வேண்டுமாம். வரிகளை எழுதியே தந்தான்.

ஆத்திரத்தில் கத்தினேன். சஜின் மரியாதையாகத்தான் பேசினான்.

"அவரு காட்டிக் கொடுத்தாருன்னு எதுல எழுதியிருக்கு அக்கா? ஒரு பேப்பர் காட்டுங்க, இப்பவே கழட்டுகேன்."

"கதையில உண்டும்."

"போன வருஷம் நீங்க பாடினதுல இல்லியே. போன்ல இருக்கு, போடட்டா?"



ஆகஸ்ட் 4

பெயரை விட்டது பிள்ளைக்காக. பிள்ளைக்காகத்தானே — இல்லை, நல்லவள் என்று பேர் வாங்கவா?

ஆகஸ்ட் 13

நேற்று கொடை. அந்த இடம் வந்ததும் துணிந்து பாடினேன்: 'காட்டிக் கொடுத்தான் ஆண்டியப்பன்.' நான் பாடும் வரியைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாட வேண்டும், அதுதான் வில்லுப்பாட்டு முறை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவர் தலையைக் குனிந்து குடத்தை அடித்துக்கொண்டே இருந்தார்.

முன்வரிசையிலிருந்து அஜிஷா எழுந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"பெரியம்மை, தப்பா பாடிட்டிய" என்றாள்.

கூட்டம் சிரித்தது. "வயசாச்சுல்லா" என்றான் ஒருவன்.

துரைமார் சவுக்கெடுத்தும் முடியாததை நான் இரக்கப்பட்டு முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு சஜின் தந்த வரியைப் பாடினேன். அதைப் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடினார்கள்.