வண்டிக்கடியில் இரண்டு சிவப்பு

மே 2, 1999. ஞாயிறு.

புழுக்கம். நாலு மணிக்கு ஒரு மழை. அதற்குப் பிறகு இன்னும் புழுக்கம்.

நாளைக் காலை பங்களூர் கிளம்ப வேண்டும். உமா பிள்ளைக்கு வியாழக்கிழமை பூணூல். எங்களுக்கு ஒரே மகள், ஒரே பேரன். ரயிலில் போவதாகத்தான் இருந்தேன். விசாலத்தின் அத்தை பிள்ளை மகாதேவன் விடவில்லை. மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். திரும்பி வரும்போது கூடவே ஒரு ஜப்பான் கார். அதில் கிளச் கிடையாது. தானே கியர் மாற்றிக்கொள்ளுமாம்.

“இடது காலுக்கு ஜோலியே இல்லை, விசாலம். மடிச்சு வெச்சுக்கலாம்” என்று செய்தும் காட்டினான். வி. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் சொல்லி அப்படிச் சிரித்தது எப்போது? யோசித்தேன். கிடைக்கவில்லை.

இன்று “அத்தான்” பதினொரு தடவை. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எண்ணினேன்.

ம.வுக்குத்தான் வி. என்று சின்ன வயதில் பேச்சு. அவன் பம்பாய் போய் அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு நான். நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் அவன் மனைவி தவறிவிட்டாள். அதிலிருந்து மாலைக் காப்பி எங்கள் வீட்டில். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நினைக்கிறேன்.

எடுத்துவைக்க: பேரனுக்கு வெள்ளிப் பஞ்சபாத்திரம், இரத்த அழுத்த மாத்திரை (7), டார்ச், தைலம், வி.யின் முழங்கால் உறை.

காரின் கையேட்டை இரவல் வாங்கிப் படித்தேன். குறிப்பு:
— கியர் ஆயில் அளவு: இன்ஜின் ஓடும்போதே அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கவும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.
— ஆயில் நிறம் சிவப்பு. கருகல் வாடை கூடாது.
— நீண்ட ஏற்றம்: கியர் D-யில் வேண்டாம், 2.
— சூடு மிஞ்சினால் மஞ்சள் விளக்கு.

முப்பது வருஷம் கல்லூரியில் வெப்பவியல் நடத்தினேன். ஓட்டத் தெரிந்தது சைக்கிள் மட்டும்.

மே 3. திங்கள். தென்காசி, விடுதி அறை.

ஒழுங்காக வரிசைப்படி எழுத முயல்கிறேன்.

காலை 5.40. கார் நேற்று ராத்திரி முதல் எங்கள் வாசலில்தான். முதல் நெடும்பயணம் என்று வி.யும் எதிராத்து மாமியும் வண்டிக்கு ஆரத்தி சுற்றி முன்னால் கொட்டினார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம். வண்டி நசுக்கி ஆறடி போயிருக்கும். “ஐயோ, பஞ்சபாத்திரம்” என்று வி. கத்தினாள். அவள் உள்ளே ஓடினாள். நான் இறங்கி நின்றேன்.

குனிந்து பார்த்தேன். தரையில் இரண்டு சிவப்பு. ஒன்று, ஆரத்தி கொட்டிய இடம். ஒன்றரை அடி பின்னால் இன்னொன்று, வண்டியின் மூக்கு இரவு முழுக்க நின்ற இடத்துக்கு நேர் கீழே.

விரலால் தொட்டேன். வழுக்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நீர் வழுக்காது. கைக்குட்டையில் விரலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

“எந்தா புரொபசரே, பூமி பூஜையா?” ம. ஜன்னல் வழியாக.

“ஒண்ணுமில்லை, ஆரத்திதான்” என்றேன்.

ஏன்? சொன்னால் கேலி செய்வான் என்ற பயம். அது பாதி. மீதிப் பாதி: வண்டி எங்காவது நின்று, வி. முன்னால் அவன் முழிக்கட்டும். இதை எழுத அரைமணி யோசித்தேன்.

முன்சீட்டில் வி. முழங்காலை நீட்ட வேண்டுமாம். பின்னால் நான், பட்சணத் தூக்குகளோடு. பாலோடு என்கிற ஊர் தாண்டும்வரை அவர்கள் பேசியது முழுக்க அம்பலத்து உற்சவம், சின்ன வயதில் குளத்தில் விழுந்தது. எனக்குத் தெரியாத குளம்.

தென்மலைக்கு மேலே ஏற்றம். இன்ஜின் இரைந்தது, வண்டி போகவில்லை. D-யிலேயே மிதித்தான். மஞ்சள் விளக்கு. தோசைக்கல்லில் எண்ணெய் தீய்ந்த மாதிரி வாடை. ஓரமாக நிறுத்தினான்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பியை எடுத்துப் பார்த்தான். “தாராளமா இருக்கே. சாரமில்லை, கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்.”

“இன்ஜின் ஓடறச்சே பார்க்கணும்னு புஸ்தகத்திலே...” என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இது காலேஜ் லேப் இல்லை, கேட்டேளா.”

வி. விசிறியை எடுத்து அவனுக்கு வீசினாள். “எழுபது வயசிலே இத்தனை தூரம் ஓட்டறதே பெரிசு. சித்த உக்காருங்கோ, அத்தான்.” எனக்கும் வேர்த்தது.

ஒரு மணிநேரம் ஆற விட்டோம். ஆரியங்காவு வரை மூன்று தடவை நின்றது. அப்புறம் இறக்கம். தென்காசிக்கு ஊர்ந்து வந்தபோது மணி இரண்டு. ஒர்க்‌ஷாப்காரர் செல்லையா, ஐம்பது வயதிருக்கும். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“ரேடியேட்டருக்குப் போற ஹோஸ் கீறி கியர் ஆயில் ஒழுகியிருக்கு. மிச்சம் இருந்ததும் வெந்துபோச்சு, அண்ணாச்சி. இன்னும் ரெண்டு ஏத்தம் ஏறியிருந்தா கியர்பெட்டியத் தூக்கிப் போட வேண்டியதுதான். எப்பத்துலேருந்து ஒழுகுது?”

“புறப்படறச்சே ஒண்ணுமில்லை” என்றான் ம. “புரொபசர் சாட்சி. அவர் குனிஞ்சே பார்த்தார்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“சிவப்பா இருந்தது. ஆரத்தின்னு நினைச்சுட்டேன்.”

செல்லையா சிரித்தார். “நல்லா நினைச்சிய, சார்.”

வி. சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை காலம்பற நாம அங்கே இருக்கணும்” என்றாள். “தாத்தா பாட்டி இல்லாம அந்தக் குழந்தை மணையிலே உக்காரப்படாது.” யாரிடம் என்றில்லாமல்.

ம. ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் தொங்கிப்போய். நான் ஆசைப்பட்ட காட்சி. பார்க்கப் பிடிக்கவில்லை.

மே 4. செவ்வாய்.

வெயில் ஏழு மணிக்கே. இட்லி கல். சட்னி பரவாயில்லை.

வி. குளியலறையில் துணி அலசினாள். என் கைக்குட்டையை ஈரத்தோடு விரித்துக் காட்டினாள்.

“ஆரத்தின்னா சோப்புப் பட்டதும் இன்னும் சிவக்கும். இது சிவக்கலை. வழவழன்னு நிக்கறது.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“விரலைத் துடைச்சிருக்கேள். தொட்டுப் பார்த்திருக்கேள்.”

“ஆமாம்.”

அவ்வளவுதான். பிழிந்தாள். மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப். புது ஹோஸ், இரண்டு பக்கமும் கிளாம்பு. லாரி பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஆயில்தான் இதற்கும் என்றார் செல்லையா. கையேட்டைப் புரட்டினேன். சரிதான். அதே சிவப்பு.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ம. கம்பியை உருவினான். “புரொபசரே, புஸ்தகத்தைப் படியும். ஒரு துணி யாராவது தாங்கோ.”

வி. அந்தக் கைக்குட்டையை நீட்டினாள். “இந்தாங்கோ அத்தான்.”

நாலு தடவை துடைத்தான். முழுக்கச் சிவப்பு. என் விரலடையாளம் எது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

என்னைக் காப்பாற்றினாளா? அவன் மனது நோகக் கூடாது என்று செய்தாளா? மதுரை வரை இதே யோசனை. வழியில் “அத்தான்” இரண்டே தடவை. இதையும் எண்ணியிருக்கிறேன்.

மே 5. புதன். பங்களூர், உமா வீடு.

காலை 5 மணிக்கு மதுரை விட்டோம். கிளம்பும்போது வி. தானே பின்கதவைத் திறந்து ஏறினாள். “புஸ்தகம் படிக்கறவா முன்னாலே உக்காருங்கோ.”

திண்டுக்கல், கரூர். நாமக்கல்லில் தயிர்சாதம். சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றம். முன்னால் லாரி வரிசை.

“2” என்றேன். சத்தமாக வந்துவிட்டது.

ம. திரும்பிப் பார்த்தான். போட்டான்.

விளக்கு எரியவில்லை. இருந்தும் மேலே ஏறியதும் புளியமர நிழலில் நிறுத்தச் சொன்னேன். இன்ஜினை அணைக்காமல், N-ல், பத்து நிமிஷம். அதையும் கேட்டான். பின்சீட்டில் வி. கண்மூடி இருந்தாள்.

“அது ஆயில்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றேன், கையேட்டைப் பார்த்துக்கொண்டு. “தொட்டுப் பார்த்தேன். வேணும்னுதான் சொல்லலை.”

ம. ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

“எனக்கும் தெரியும், ஓய். சனிக்கிழமையே ஷெட்டிலே துளி கண்டேன். இத்தனை சூடாகும்னு நினைக்கலை. சொன்னா நீங்க ரெண்டு பேரும் ரயில்லே போயிடுவேள். பின்னே நான் தனியா இந்த வண்டியை வெச்சுண்டு என்ன செய்யறது?”

நீங்க ரெண்டு பேரும் என்றுதான் சொன்னான். மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை, ‘விசாலம் போயிடுவா’ என்றே கேட்டது.

கண்ணைத் திறக்காமலே வி. கேட்டாள்: “சூடு தணிஞ்சாச்சுன்னா கிளம்பலாமா?”

“இதோ” என்றோம், அவனும் நானும், ஒரே சமயத்தில்.

இங்கே சேர்ந்தது மாலை 6.20. முகூர்த்தம் நாளைக் காலை 9.10. வி.க்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. திரும்ப ரயிலில் போகலாமா என்று உமா கேட்கிறாள். டிக்கெட் இரண்டா, மூன்றா என்று காலையில் சொல்ல வேண்டும்.