சாக்குக்குள் இருந்தவர்

மார்ச் 14, சனி. கொலோன்.

"உதாரணம் சொல்லாமல் உங்களுக்குப் படிப்பிக்க ஏலாதோ ரீச்சர்?" என்று முன்பொரு மாணவி என்னைக் கேட்டாள். இன்று முழுவதும் அந்தக் கேள்விதான் மனதில் நிற்கிறது.

வாசகர் வட்டத்தில், ஜெர்மன் படைகள் ஒல்லாந்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பற்றிய ஒரு டச்சு நாவலை எடுத்துப் பேசினோம். அதில் ஒருவன் தன் அயலவர்களைப் படையினருக்குக் காட்டிக்கொடுக்கிறான். இங்கே பிறந்து வளர்ந்த நிலாவுக்கு அவன்மேல் இரக்கம். எனக்கு இல்லை.

"இவனை எங்கட ஊரில தலையாட்டி எண்டுவம்," என்றேன். "ஆமிக்காரர் ஊரைச் சுத்திவளைச்சால், சாக்கால முகத்தை மூடி ஒருத்தனை இருத்துவாங்கள். சனத்தை அவனுக்கு முன்னால வரிசையா நடத்துவாங்கள். அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டினாலும் அந்த ஆளைக் கொண்டுபோவாங்கள்."

"முகமே தெரியாட்டி, அவன் விரும்பித்தான் செய்தவன் எண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள் நிலா.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், பிள்ளை."

எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த இராசன் அண்ணை கேத்திலைக் கீழே வைத்தார்.

"அந்தச் சாக்குக்குள்ள என்ர தம்பியும் இருந்தவன், ரீச்சர். ரெண்டு நாள் அடிச்சுப்போட்டுத்தான் இருத்தினவங்கள். நான் இனி வரமாட்டன்."

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்து வருடப் பழக்கம். அவருக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காலையில் அவருக்குப் போன் எடு. விளக்கம் சொல்லாதே, உதாரணமும் வேண்டாம். தம்பியின் பெயர் என்ன என்று கேள்.